கடலும் ஒரு கடைமடைதான்

காவிரியின் குறுக்கே மேகேதாட்டுவில் 67 டிஎம்சி கொள்ளளவில் அணை கட்டுவோம் என்று பேசும்போதெல்லாம் கர்நாடகம் ஒரு வாதத்தையும் கூடவே வைக்கிறது. தமிழ்நாட்டின் பங்கில் கைவைக்கப்போவதில்லை, உபரியாகப் போய்க் கடலில் வீணாகும் நீரைத்தான் தேக்கப்போகிறோம் என்பது அந்த வாதம். தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும், எந்த விவசாயச் சங்கமும் இதை ஏற்றதில்லை. ஏற்கவும் கூடாது. மேட்டுக்காரர் தன் தேவை போக மிச்சத்தைத்தான் உபரி என்பார். கீழே இருப்பவருக்கு அதுதான் பாசனமே.

ஆனால், கோதாவரி–காவிரி இணைப்பு என்ற பேச்சு வந்துவிட்டால் மேடையில் நாம் முழங்குவதும் இதே வாதம்தான். கோதாவரியில் ஆண்டுதோறும் ஆயிரம் டிஎம்சிக்கு மேல் கடலில் வீணாகிறது, அதில் கொஞ்சம் இங்கே திருப்பிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறோம். ஒரே வாதம் மேகேதாட்டுவில் அநியாயமாகவும் கோதாவரியில் நியாயமாகவும் இருக்க முடியாது. நதிநீர் இணைப்பு வேண்டுமா, வேண்டாமா என்ற பட்டிமன்றத்தை நிறுத்திவிட்டு, ‘உபரி’ என்று எதைச் சொல்கிறோம், அதை யார் தீர்மானிக்கிறார்கள், அது கடலுக்குப் போனால் உண்மையிலேயே வீணா என்று கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

அரை நூற்றாண்டுக் கனவு

கங்கையைக் காவிரியோடு இணைக்க 2,640 கி.மீ. நீளக் கால்வாயை 1972-இல் முன்மொழிந்தவர் மத்திய அமைச்சராக இருந்த பொறியாளர் கே.எல்.ராவ். 1977-இல் கேப்டன் தஸ்தூர் இமயத்தையும் தென்னிந்தியாவையும் சுற்றி ‘மாலைக் கால்வாய்’ அமைக்கலாம் என்றார். செலவும், நீரை மேடேற்றத் தேவைப்படும் மின்சாரமும் கட்டுப்படியாகாது என்று இரண்டும் ஒதுக்கப்பட்டன. 1980-இல் தேசிய அளவிலான திட்டம் ஒன்று வரையப்பட்டு, 1982-இல் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை உருவானது. இமய ஆறுகளில் 14, தீபகற்ப ஆறுகளில் 16 என 30 இணைப்புகள் அதன் பட்டியலில் உள்ளன. 2012-இல் உச்ச நீதிமன்றம் திட்டத்தை விரைந்து நிறைவேற்றச் சொன்னது. பட்டியலிலிருந்து முதலில் கட்டுமானத்துக்கு வந்திருப்பது மத்தியப் பிரதேசத்தின் கேன்–பேத்வா இணைப்பு. மத்திய அமைச்சரவை 2021 டிசம்பரில் ரூ.44,605 கோடிக்கு ஒப்புதல் தந்தது. 2024 டிசம்பர் 25-இல் கஜுராஹோவில் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

வடக்கே இப்போது தொடங்கும் வேலையில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டைத் தாண்டிய அனுபவம் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டிலேயே பவானியிலிருந்து நொய்யல்வரை வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் இன்றும் பாய்கிறது. முல்லைப் பெரியாறும் பரம்பிக்குளம்–ஆழியாறும் தெலுங்கு கங்கையும் நாம் தினம் குடிக்கிற, பாய்ச்சுகிற இணைப்புகள். இணைப்பால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை இவற்றிடமே கேட்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கின் சாட்சி

தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட பாட்டுக்குப் பிறகுதான் பெரியாற்றைத் திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றைப் பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் கட்டி 1895-இல் முடித்த அணை மறித்தது. மலையைக் குடைந்த சுரங்கம் அந்த நீரைக் கிழக்கே வைகைப் படுகைக்குக் கொண்டுவந்தது. குமுளி மலைப்பாதையில் இறங்குபவர்கள் லோயர் கேம்ப் அருகே சரிவில் படுத்திருக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் இறங்கும் நீர் மின்சாரத்தைத் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் இரு போக நெல்லாகி, தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று போகிறது. பள்ளத்தாக்கின் வீடுகளில் சாமி படங்களோடு பென்னிகுயிக் படம் மாட்டியிருப்பதற்கும், அவர் பெயரில் பொங்கல் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. இணைப்புத் திட்டங்களை எதிர்ப்பவர்கள் இந்த நன்றியைச் சிறிதாக நினைக்கக் கூடாது. மழைமறைவுப் பகுதியில் பிறந்த லட்சக்கணக்கான குடும்பங்களை ஊரைவிட்டுப் போகாமல் நிறுத்திவைத்தது அந்தத் தண்ணீர்.

அதே பெரியாறு இன்னும் இரண்டு செய்திகளையும் சொல்கிறது. முதலாவது, நீரைத் திருப்பினால் சண்டையும் கூடவே வரும். 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை எழுதியபோது கேரளம் என்ற மாநிலமே இல்லை. இன்று அணையின் பாதுகாப்பு, நீர்மட்டம் என்று வழக்கு முடிந்தபாடில்லை. 142 அடி தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் ஓயவில்லை. இரண்டாவது, வந்த நீர் வைகையை வாழவைத்ததா என்றால், இல்லை. நீர் வர வர ஆயக்கட்டும் விரிந்தது, பயிரும் மாறியது, ஊர்களும் பெருத்தன. வைகை கடலைச் சேர்வது இன்றும் அபூர்வம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் நீர் பற்றாக்குறையை ஒரு தலைமுறைக்குத் தீர்க்கும். அந்தத் தலைமுறைக்குள் தேவை அந்த நீரின் அளவுக்கு வளர்ந்து நிற்கும்.

தெலுங்கு கங்கையின் பாடம் வேறு. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டிஎம்சி கிருஷ்ணா நீரை விட்டுக்கொடுத்தன. 1983 ஒப்பந்தப்படி, வழியில் 3 டிஎம்சி போக, சென்னைக்கு 12 டிஎம்சி வர வேண்டும். நீர் 1996-இல் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. ஆனால், கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டை அருகே உள்ள ‘ஜீரோ பாயிண்ட்’ வரை சுமார் 150 கி.மீ. கால்வாய் ஆந்திரத்து வயல்களின் ஓரமாகவே வருகிறது. கரையில் மோட்டார் வைத்து இறைப்பவரை எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை. தன் ஊர் வழியாக இன்னோர் ஊருக்குத் தண்ணீர் போவதை வறண்ட வயலுக்காரர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. முழு 12 டிஎம்சியைச் சென்னை பெரும்பாலான ஆண்டுகளில் பார்த்ததே இல்லை. 2019 கோடையில் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில், கண்டலேறிலும் திறந்துவிட நீர் இல்லை. பருவமழை பொய்த்தால் கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சேர்ந்தே பொய்க்கிறது. நமக்கு மிக அவசரமாகத் தேவைப்படும் ஆண்டில்தான் இணைப்புக் கால்வாயும் வெறுமையாகக் கிடக்கிறது.

உபரி யாருடைய கணக்கு?

கோதாவரி–காவிரி இணைப்பின் அடித்தளத்தில் இருக்கும் ‘உபரி’யைப் பாருங்கள். இந்திராவதி ஆற்றில் சத்தீஸ்கருக்கு ஒதுக்கப்பட்டு, அந்த மாநிலம் இன்னும் பயன்படுத்தாத பங்கை நம்பியே திட்டம் வரையப்பட்டது. சத்தீஸ்கர் சம்மதிக்கவில்லை. ஏழை மாநிலம் ஒன்று இதுவரை அணை கட்டாததால் மிஞ்சியிருக்கும் நீருக்கு உபரி என்று பெயர். அது நாளை கட்டினால் உபரியும் மறையும், நமக்காக வெட்டிய கால்வாயும் காயும். காவிரியில் கர்நாடகம் புதுப் பாசனத்தை விரித்தபோது நமக்கு நேர்ந்ததும் இதுதானே?

பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பிலும் இதே சிக்கல். கேரளத்தின் இரண்டு ஆறுகளிலிருந்து சுமார் 22 டிஎம்சியைக் கிழக்கே திருப்பினால் விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரிசல் நிலம் பசுமையாகும். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் வானம் பார்த்து நிற்பவர்களுக்கு இது நியாயமான ஆசை. ஆனால், அந்த இரண்டு ஆறுகளும் போய்ச் சேர்வது குட்டநாட்டில். கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற ஊர் அது. கோடையில் வேம்பநாட்டுக் காயல் வழியே ஏறிவரும் உப்புநீரைத் தடுக்கத்தான் தண்ணீர்முக்கம் தடுப்பணையே கட்டினார்கள். மேலேயிருந்து வரும் நன்னீர் குறைந்தால் உப்பு இன்னும் உள்ளே வரும். 

2018 ஆகஸ்ட்டில் கேரளமே மூழ்கியபோது, ‘இவ்வளவு நீர் இருந்தும் தரமாட்டேன் என்கிறார்கள்’ என்று இங்கே பலர் பேசினார்கள். அடுத்த சில வாரங்களில் நடந்தது பெரிதாகப் பேசப்படவில்லை. பம்பை உட்படப் பல ஆறுகளில் நீர்மட்டம் மளமளவென்று இறங்கியது, கிணறுகள் வற்றின. காரணத்தை ஆராய அந்த மாநில அரசு விஞ்ஞானிகளைக் கேட்க வேண்டியதாயிற்று. பத்து நாள் வெள்ளத்தை வைத்து ஓர் ஆற்றில் உபரி இருக்கிறது என்று முடிவுகட்டுவது, கல்யாண வீட்டுப் பந்தியைப் பார்த்து அந்த வீட்டுக்காரரின் வருமானத்தைக் கணக்கிடுவது போன்றது.

740-இல் 14

கடலுக்குப் போகும் நீர் வீணா என்பதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டிஎம்சியைப் பங்கிட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுவைக்கு 7. மிச்சம் 14. அதில் 10 டிஎம்சி சுற்றுச்சூழலுக்கு; 4 டிஎம்சி எப்படியும் கடலுக்குத் தப்பிப்போகும் என்று கழித்துவைத்தது. காவிரி என்கிற ஆறு ஆறாக இருப்பதற்கு மனிதர்கள் ஒதுக்கியது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்து பெங்களூரின் ஒதுக்கீட்டைக் கூட்டியது. ஆற்றின் பங்கு கூடவில்லை.

அதன் விளைவைப் பார்க்க முத்துப்பேட்டைக்குப் போக வேண்டும். கோரையாறும் பாமணியாறும் கொண்டுவந்து சேர்க்கும் காவிரி நீரில் வளரும் அலையாத்திக் காடு அது. நன்னீர் வரத்து சுருங்கச் சுருங்க, கடும் உவர்ப்பைத் தாங்கும் வெண்கண்டல் என்ற ஒரே இனம்தான் அங்கே ஏறக்குறைய முழுக் காடாகவும் நிற்கிறது. பல இனங்கள் கலந்து வளரும் பிச்சாவரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அலையாத்தி வேர்களின் இடுக்கில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. புயல் வந்தால் ஊருக்கு முன்னால் நிற்பதும் அந்தக் காடுதான். இன்னும் உள்ளே வந்தால் நாகை மாவட்டக் கடலோரக் கிராமங்களில் ஆழ்குழாய் போட்டால் உப்புநீர் வருகிறது. ஆறு தள்ளிக்கொண்டிருந்தவரை கடல் தன் எல்லையில் நின்றது. ஆறு நின்றதும் அது நிலத்தடியில் நடந்து வருகிறது. வண்டல் கதையும் இதுவே. டெல்டா என்பது ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்துவந்து கொட்டிய மண். அந்த மண் இன்று அணைகளின் அடியில் தங்கிவிடுகிறது. இங்கே கரையை அலை அரிக்கிறது.

கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிவந்து முட்டையிடும் உல்லம் மீன், வடக்கே ஹில்சா எனப்படுவது, ஒரு காலத்தில் கொள்ளிடத்திலும் நிறையப் பிடிபட்டது. 1934-இல் மேட்டூர் அணை வந்து வெள்ளப்போக்கு மாறியதும் அந்த மீன்பிடியும் சரிந்தது. கங்கையில் 1975-இல் பராக்கா தடுப்பணை திறக்கப்பட்ட பிறகு, அலகாபாத்வரை போய்க்கொண்டிருந்த ஹில்சா அங்கிருந்த மீனவர்களின் வலைக்கு எட்டாமல் போனது. ஆற்றின் வாயில் வலைவிரிக்கும் மீனவரும் ஒரு பாசனதாரர்தான். அவருக்கு ஆயக்கட்டு எண் கிடையாது. அதனால் எந்த நடுவர் மன்றத்திலும் பங்கு கிடையாது. டெல்டாவில் கடைமடை விவசாயியின் உரிமைக்காக நாம் அரை நூற்றாண்டாக வழக்காடுகிறோம். ஆற்றின் கடைசிக் கடைமடை கடல்தான் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

காடும் மழையும்

கேன்–பேத்வா இணைப்பால் 10.62 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனமும் 62 லட்சம் பேருக்குக் குடிநீரும் கிடைக்கும் என்கிறது அரசு. அந்த நீர் போகவிருக்கும் புந்தேல்கண்டின் வறட்சியை அறிந்தவர்கள் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், கேன் ஆற்றின் குறுக்கே தவுதானில் 77 மீட்டர் உயரத்தில் எழும் அணை, பன்னா புலிகள் காப்பகத்தின் 5,800 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டைக் காவுகொள்ளும். வெட்டப்படும் மரங்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2009-இல் ஒரு புலிகூட இல்லாமல் போன காடு பன்னா. வேறு இடங்களிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டு, பல ஆண்டு உழைப்பில் எண்ணிக்கையை ஐம்பதுக்கும் மேல் கொண்டுவந்தார்கள். இந்தக் காட்டை விட்டுவிட்டு வேறு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என 2019-இல் கேட்டது உச்ச நீதிமன்றம் நியமித்த மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழு. கேனும் பேத்வாவும் பக்கத்துப் பக்கத்து ஆறுகள். இரண்டும் யமுனையில் சேர்பவை. ஒரே மழையை நம்பியவை. ஒன்றில் உபரி, இன்னொன்றில் பற்றாக்குறை என்ற முடிவுக்கு ஆதாரமான நீரோட்டப் புள்ளிவிவரங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. கங்கை பன்னாட்டு ஆறு, ஆகவே அதன் படுகைப் புள்ளிவிவரம் ரகசியம் என்கிறார்கள்.

மழையும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. வங்கக் கடலின் மேல்மட்டத்தில் ஆற்று நீர் கலந்து உப்புக் குறைந்த ஓர் அடுக்கு மிதக்கிறது. அது அடிநீரோடு எளிதில் கலக்காமல் கடலின் மேற்பரப்பைச் சூடாக வைத்து, மேகம் திரளத் துணைபோகிறது. நிலத்திலும் அப்படியே: பெருமளவில் பாசனம் புதிதாக விரிந்தால் மண்ணின் ஈரம் மாறும், காற்றின் போக்கும் மாறும். மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இணைப்புத் திட்டங்கள் முழுமையாக நடந்தால் ஏற்கெனவே நீர்ப் பற்றாக்குறை உள்ள சில பகுதிகளில் செப்டம்பர் மழை 12% வரை குறையலாம் என்று கணித்தது. இது கணினி மாதிரிக் கணிப்புதான், தீர்ப்பு அல்ல. ஆனால், பல லட்சம் கோடி ரூபாய் போட்டு, திரும்பப் பெற முடியாத மாற்றத்தைச் செய்யும் முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும்.

வெள்ளத்தைத் திருப்ப முடியுமா?

இணைப்பு வெள்ளத்தைத் தடுக்கும் என்பதும் அடிக்கடி கேட்பது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் ரூ.14,400 கோடி மதிப்பில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு கால்வாய் மாயனூர் கதவணையிலிருந்து 262 கி.மீ. போகிறது, அதன் கொள்ளளவு விநாடிக்கு சுமார் 6,300 கனஅடி. 2018 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல் திறக்கப்பட்டது. அன்றைய வெள்ளம் ஒரே நாளில் சுமார் 17 டிஎம்சி. கால்வாய் எடுத்திருக்கக்கூடியது அரை டிஎம்சி. நூற்றில் மூன்று பங்கு. புதுக்கோட்டை, சிவகங்கைக் கண்மாய்களுக்கு அந்த மூன்று பங்கு பெரிய வரம். அதற்காகவே இத்திட்டம் மதிக்கத்தக்கது. வெள்ளத் தடுப்பு என்று சொல்லி அதை விற்கத் தேவையில்லை.

அதே ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடம் கரைபுரண்டு கடலுக்குப் போன அந்த நாட்களில், டெல்டாவின் கடைமடை வாய்க்கால்கள் பலவற்றில் நீர் எட்டிப்பார்க்கவே இல்லை. தூர் வாரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று மணல். பல ஆண்டுகள் அள்ளி அள்ளி ஆற்றின் படுகை இறங்கிவிட்டது. வாய்க்கால் தலைப்பு மேலே, தண்ணீர் கீழே. கண்ணெதிரே ஓடும் சொந்த ஆற்றின் நீரைப் பத்து கி.மீ. தள்ளியிருக்கும் வயலுக்குக் கொண்டுசேர்க்க முடியாத அமைப்பு, ஆயிரம் கி.மீ.க்கு அப்பாலிருந்து கோதாவரியைக் கொண்டுவந்து என்ன செய்யும்?

அருகிலேயே செய்யக்கூடிய இணைப்புகளுக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டுப் பெற்ற அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் பவானியின் உபரியில் 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். புது அணை இல்லை, மூழ்கிய காடு இல்லை. கீழே இருப்பவரின் பங்கு போன பிறகே மோட்டார் ஓட வேண்டும் என்பது விதி. மின்கட்டணம் உண்டு, உபரி வராத ஆண்டில் குழாய் சும்மா கிடக்கும் என்ற குறையும் உண்டு. ஆனால், அளவு சிறியது, விலை தெரிந்தது, தவறினால் நிறுத்திவிடலாம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. ஒன்று நிரம்பி மறுகால் போய் அடுத்ததை நிரப்பும் இந்தச் சங்கிலியும் நதிநீர் இணைப்பே. வரத்துக்கால்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பதற்கு அடிக்கல் நாட்டு விழா கிடையாது என்பதால் அது திட்டமாகக் கருதப்படுவதில்லை.

நம் கையில் இருப்பது

ஆகவே, எல்லா இணைப்பையும் எதிர்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் கைதட்டவும் வேண்டியதில்லை. ஒரு படுகைக்குள் அல்லது அடுத்த படுகைக்கு, வெள்ள நாட்களின் நீரை ஏற்கெனவே இருக்கும் ஏரிகளுக்குக் கொண்டுபோவது நல்லது. காட்டை மூழ்கடித்து, இன்னொரு மாநிலத்தின் பயன்படுத்தாத பங்கை நம்பி, பல ஆறுகளைத் தாண்டிவரும் திட்டத்துக்கு மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை வேண்டும்: கொடுக்கும் ஆறு கடல்வரை உயிரோடு ஓட எவ்வளவு நீர் வேண்டும்? அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாமா? பெறுகிறவர் தன் வாய்க்காலையும் ஏரியையும் சரிசெய்துவிட்டாரா?

மற்றவர்களிடம் இதைக் கேட்கும் தகுதி வேண்டுமானால் தமிழ்நாடு தன் வீட்டில் தொடங்கலாம். தாமிரபரணி பிறப்பதும் கடலில் சேர்வதும் நம் எல்லைக்குள். அதன் வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறுக்குக் கொண்டுபோகும் கால்வாயும் வெட்டியாகிவிட்டது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே புன்னக்காயல் முகத்துவாரம்வரை எந்த மாதத்தில் எவ்வளவு நீர் ஓடியே தீர வேண்டும் என்று அரசு அறிவிக்கட்டும். தினமும் அளந்து பொதுவில் வைக்கட்டும். இதற்கு எந்த மாநிலத்தின் சம்மதமும் தேவையில்லை, எந்த நடுவர் மன்றமும் தேவையில்லை. அடுத்த பாசனப் பருவத்துக்கு முன்னால் ஓர் அரசாணை போதும்.